தலை முதல் வால் வரை

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கஷ்டப்படாதீர்கள் தம்பி. காலடியில் வையுங்கள், நான் நகர்ந்து கொள்கிறேன். மருந்துக் கம்பெனியா? டையைப் பார்த்ததும் நினைத்தேன். மீன் எண்ணெய் மாத்திரை இருக்கிறதா அதில்? ஒமேகா மூன்று? இந்தக் கிழவனுக்கு ஒமேகா மூன்று எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். எனக்கு ஒமேகா ஆறும் தெரியும். லினோலெயிக் அமிலம் தெரியும். எந்தக் கொழுப்பு கடலில் பிறந்தது, எந்தக் கொழுப்பு காட்டில் விளைந்தது என்று உங்கள் மேனேஜரைக் கேளுங்கள், சொல்கிறாரா பார்ப்போம். நான் சொல்லுவேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது எனக்கு. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் துண்டறிக்கையில்தான். உப்பளத்துக் கூலி, காவல் நிலையச் சாவு, எதுவானாலும் நோட்டீஸில் படித்தேன். பிறகு நானே எழுதினேன், சுனாமி வீடு வரைக்கும். மா. சேதுராசு என்று கீழே பெயர் இருக்கும். இந்தக் கரை முழுக்க என்னை நோட்டீஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு தடவை மதுரைச் சிறை, ஒரு தடவை திருச்சி. எழுதியதை ஒரு தடவைகூட வாபஸ் வாங்கியதில்லை. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள அது வேண்டும்.

முன்னால் உட்கார்ந்திருக்கிறார்களே, டிரைவருக்குப் பின்னால், ஏழெட்டுப் பெண்கள், அவர்கள் எங்கள் ஊர். கடலில் பாசி எடுக்கிறவர்கள். காலையில் என்னோடுதான் விசாரணைக்கு வந்தார்கள். ஏன் திரும்பிப் பார்க்காமல் இருக்கிறார்கள் என்கிறீர்களா? களைப்பு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். பெரியவர் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும் என்று தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மரியாதை எங்கள் ஊரில் இன்னும் செத்துப்போகவில்லை.

எங்கள் குடாவின் மேற்குக் கரையில் ஓர் இறால் பண்ணை இருக்கிறது. பண்ணை வந்த பிறகு பாசி அழுக ஆரம்பித்தது. தண்ணீரில் இறங்குகிற பெண்களுக்குக் கால் இடுக்கெல்லாம் புண். பண்ணைக்காரன் கழிவு நீரை வாய்க்கால் வழியாகக் குடாவில் திறந்துவிடுகிறான் என்று நாங்கள் சொன்னோம். ஒரு சொட்டு விடவில்லை, எல்லாம் எங்கள் குளத்திலேயே சுத்தமாகிறது என்று அவன் சொன்னான். அதிகாரிகள் வந்து தண்ணீர் பிடித்துப் பார்த்தார்கள். வருகிற தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்து பிடித்தால் தண்ணீர் எப்படி இருக்கும்? குடிக்கலாம் போல இருந்தது.

அப்போதுதான் ரிஸ்வானா வந்தது. கீழக்கரைப் பெண், கடல் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம். தலையில் முக்காடு, காலில் ரப்பர் பூட்ஸ், எங்கள் சங்கத்துக் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து பேசும். அந்தப் பெண்தான் சொன்னது, தண்ணீர் ஓடிப்போய்விடும் அய்யா, கொழுப்பு ஓடாது என்று. நீங்கள் டால்பின் என்பீர்கள், நாங்கள் ஓங்கில் என்போம், அதன் தோலுக்குக் கீழே ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பு இருக்கிறது. அது தின்ற மீனின் கொழுப்பு, அந்த மீன் தின்றதின் கொழுப்பு, எல்லாம் அங்கே போய்ப் படிகிறது. தோலை ஒட்டிய பகுதி மெதுவாக மாறும். சதையை ஒட்டிய உள்பகுதி சீக்கிரம் மாறும், போன சில மாதத்துச் சாப்பாட்டைச் சொல்லும். கடல் மீனின் கொழுப்பு ஒரு மாதிரி. சோயா, எள், சூரியகாந்தி மாதிரி தரையில் விளையும் விதையின் கொழுப்பு வேறு மாதிரி. அதில்தான் இந்த லினோலெயிக் அமிலம் அதிகம். கடலிலும் கொஞ்சம் உண்டு, ஆனால் விதையில் இருப்பதுபோல் கிடையாது. இறால் தீனியில் சோயா இருக்கிறது. மிச்சத் தீனி வாய்க்காலில் வந்தால் குடாவில் உள்ள மீன் தின்னும். மீனை ஓங்கில் தின்னும். ஓங்கில் உடம்பில் சோயா இருந்தால் எவன் போட்டான் அதை? கடலுக்கு அடியில் எவனாவது சோயா விதைத்திருக்கிறானா?

அந்தப் பெண் ஒரு தாளில் படம் போட்டு, கோடு கோடாகப் போட்டு விளக்கியதை நான் அரைப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். 'கொழுப்பு பொய் சொல்லாது' என்று தலைப்பு. வாசித்துவிட்டு ரிஸ்வானா, அய்யா, என் ஆய்வேட்டை நீங்களே எழுதியிருக்கலாம் என்றது. கேலி இல்லை தம்பி. உண்மையாகவே சொன்னது. அந்த நோட்டீஸைப் படித்துத்தான் மீனவர்கள் அந்தப் பெண்ணை நம்பினார்கள். கரையில் ஏதாவது ஒதுங்கினால் முதலில் அதற்குத்தான் போன் போட வேண்டும் என்று முடிவானது.

பங்குனியில் ஓங்கில் ஒதுங்கியது. ஆள் உயரத்தைவிடப் பெரியது. காலையிலேயே செத்திருக்க வேண்டும், கண் கலங்காமல் இருந்தது. நம்புராணிதான் முதலில் பார்த்தது. அதோ, பச்சைச் சேலை, கொண்டையில் சீப்புச் செருகியிருக்கிறதே, அதுதான் நம்புராணி, பாசி எடுக்கும் பெண்களுக்குத் தலைவி. ரிஸ்வானாவுக்குச் சொன்னது. அந்தப் பெண் வருவதற்குள் ஈரச் சாக்கைப் போர்த்தி, ஐஸ் ஃபேக்டரியில் கெஞ்சி ஐஸ் வாங்கி வந்து சுற்றிக் கொட்டி வைத்திருந்தது. நல்ல வேலை. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மட்டும் போதுமா?

சொல்லுங்கள், போதுமா? நம் ஆள் ஒருவனை அடித்துக் கொன்றால் என்ன செய்வோம்? உடலை வாங்க மறுப்போம். கலெக்டர் நேரில் வரட்டும் என்போம். அதுதான் நமக்குத் தெரிந்த வழி, அதுதான் அவர்களுக்குப் பயமான வழி. ஓங்கிலும் நம் ஆள்தான் என்றேன். பந்தல் போடு என்றேன். மைக் கட்டு என்றேன். மாலை வந்தது, சங்கு வந்தது, கொட்டு வந்தது. கரையில் இவ்வளவு கூட்டத்தை நான் சுனாமிக்குப் பிறகு பார்க்கவில்லை.

ரிஸ்வானா கையைப் பிடிக்காத குறை. முதலில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொள்கிறேன், பிறகு நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றது. கலெக்டர் கண் முன்னால் வெட்ட வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு மாற்றிவிட்டாய் என்பான் என்றேன். யோசித்துப் பாருங்கள், அதில் என்ன தப்பு? சரி, ஆனால் யாரும் தொடக்கூடாது என்றது.

தொடக்கூடாதாம். செத்த வீட்டில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் எங்கள் பெண்கள் விடுவார்களா? யாரோ ஒரு அம்மா கிண்ணத்தில் நல்லெண்ணெய் கொண்டுவந்துவிட்டது. பின்னாலேயே வரிசை. சீயக்காய், எண்ணெய், அழுகை. நான் மைக்கில் இருந்தேன். பந்தலுக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தேன், எனக்குப் பின்னால் ஊரே அழுதது. தம்பி, அந்தச் சத்தத்தில் பேசியதைப்போல் நான் என் வாழ்க்கையில் பேசியதில்லை.

நம்புராணி பிறகு சொன்னது. அது ஓங்கிலின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்கள் எல்லாரையும் நெற்றியில் மட்டும் ஒரு கரண்டி வைக்கவிட்டதாம். கண்ணுக்குக் கீழே கை போனால் தட்டிவிட்டதாம். சாக்கை விலக்கவே இல்லையாம். டாக்டரம்மா எதற்குத் தொடாதே என்றது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இருக்கலாம். நான் பார்க்கவில்லை, நான் பேசிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கலெக்டர் வந்தார். வரவைத்தோம். எல்லாருக்கும் முன்னால் ரிஸ்வானா விலாவில், முதுகுத் துடுப்புக்குக் கீழே, தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, தோல் முதல் சதை வரை ஒரு கட்டியாக வெட்டி எடுத்தது. கண்ணாடிக் குப்பியில் போட்டு ஐஸில் வைத்து எடுத்துப் போனது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. நோட்டீஸ் எழுதினேன்.

அதுதான், இந்தப் பையில் இருக்கிறது, ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பத்தியைப் படியுங்கள். கண்ணாடி இல்லையா? நானே சொல்கிறேன். எனக்கு மனப்பாடம். 'பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் அந்தக் கடல் மகளைத் தலை முதல் வால் வரை நல்லெண்ணெயால் நீராட்டினார்கள். மணல் குடித்த எண்ணெய் கடலைத் தொட்டது. கடலும் அழுதது.' கேட்டீர்களா? படித்துவிட்டுச் சென்னையிலிருந்து போன் வந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். நெற்றியில் ஒரு கரண்டி எண்ணெய் வைத்தார்கள் என்று எழுதியிருந்தால் எவன் வந்திருப்பான்? எழுத்து என்றால் வீச வேண்டும் தம்பி. வலையைக் காலடியில் போட்டால் மீன் கிடைக்குமா?

முடிவு வந்தது. உள்பகுதிக் கொழுப்பில் அந்த லினோலெயிக் அமிலம், தூரத்துக் கரை ஓங்கிலில் இருப்பதைவிடப் பல மடங்கு. ரிஸ்வானா போனில் அழுதது. பண்ணைக்கு இடைக்காலமாகப் பூட்டுப் போட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டு விசாரணை என்றார்கள். மூன்று மாதம் பூட்டியிருந்தது தம்பி, மூன்றே மாதம். பாசி தளிர்த்தது. நம்புராணி ஒரு கொத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தது, பாருங்கண்ணே, இந்த நிறத்தைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று. அது அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இன்றைக்குக் கடைசி அமர்வு.

பண்ணையின் வக்கீல் ஒரு பையன். உங்கள் வயதுதான் இருக்கும். மரியாதையான பையன், அதைச் சொல்லிவிட வேண்டும். அவன் கொழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நல்லெண்ணெயில் எந்த அமிலம் அதிகம் என்று ரிஸ்வானாவைக் கேட்டான். அந்தப் பெண் ஒளிக்கவில்லை, லினோலெயிக் என்றது. எண்ணெய் வைத்தது தலையில், வெட்டியது விலாவில், தோலைத் துடைத்துவிட்டுத்தான் வெட்டினேன், வெளிப்பகுதியைவிட உள்பகுதியில்தான் அதிகம், எண்ணெய் வெளியிலிருந்து இறங்கியிருந்தால் தலைகீழாக இருந்திருக்கும் என்று அடுக்கடுக்காகச் சொன்னது. நன்றாகத்தான் சொன்னது. ஆனால் அவன் கையில் நோட்டீஸ் இருக்கிறது. தலை முதல் வால் வரை. அந்த உடம்பில் கத்தி நுழைந்தால் எண்ணெய் கூடவே நுழையாதா என்றான்.

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். அடுத்த சாட்சி நான். வெளியே டீக்கடையில் ரிஸ்வானாவும் நம்புராணியும் வந்து நின்றார்கள். டாக்டர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. நம்புராணிதான் சொன்னது.

"அண்ணே, தலைக்கு மட்டுந்தேன் வச்சோம். அது ஒங்களுக்கும் தெரியும். கொஞ்சம் கூட்டி எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அம்புட்டுதான்."

அவ்வளவுதானாம்.

எமர்ஜென்சியில், எழுபத்தாறில், என்னோடு சிறையில் இருந்தவன் ஒருவன், திருநாவுக்கரசு என்று பெயர். என்னைவிட நன்றாக எழுதுவான். எழுதியது தவறு என்று ஒரு வரி எழுதிக் கொடு, பொங்கலுக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தான். போனான். நான் பொங்கலை உள்ளேதான் கழித்தேன். அதற்கப்புறம் அவன் என்ன எழுதினாலும் ஜனங்கள் ஒன்றுதான் கேட்டார்கள், இதையாவது வைத்துக்கொள்வாயா, இல்லை இதையும் திருப்பிக் கொடுப்பாயா என்று. கடைசியில் அவன் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிச் செத்தான். ஒரு வரி தம்பி. ஒரு வரியைக் கொடுத்தால் மிச்சம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். உப்பளத்தில் செத்தவர்கள் கணக்கை நான் எழுதினேன், அதையும் கூட்டி எழுதினாய் என்பான். ஸ்டேஷனில் அடித்தே கொன்றார்கள் என்று எழுதினேன், அதையும் அலங்காரம் என்பான். இதை அந்தப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது? அதற்குப் பாசி தெரியும். போராட்டம் என்பது தலைமுறைக் கணக்கு.

அதனால் நான் டீயைக் குடித்துவிட்டு உள்ளே போனேன்.

வக்கீல் நோட்டீஸைக் காட்டி, இது நீங்கள் எழுதியதா என்றான். என் எழுத்து, கால் புள்ளிகூட அடுத்தவனுடையது இல்லை என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள், எனக்கு ஆதரவாகத்தான். மூன்றாம் பத்தியை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். மைக் இல்லாமலே அந்த ஹால் முழுக்கக் கேட்டது. கடலும் அழுதது என்று முடித்தபோது டைப் அடிக்கிற அம்மா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

நீதிபதி வயதானவர், என் வயதுதான் இருக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"பெரியவரே, மேடையில பேசறப்ப நாம எல்லாருமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம். இது அந்த மாதிரி சொன்னதா, இல்ல அப்படியே நடந்ததா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

நிதானமாக யோசிக்கச் சொல்கிறார். எவ்வளவு இனிப்பாகப் பேசுகிறார் பாருங்கள். சிறையில் அந்த சூப்பிரண்டும் இப்படித்தான் பேசினான், காபி வாங்கிக் கொடுத்து. இனிப்பாகப் பேசினால் கவனமாக இருக்க வேண்டும், அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிஸ்வானா கண்ணை மூடிக்கொண்டிருந்தது. நம்புராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன சொல்லப்போகிறார் என்று ஊரே என் வாயைப் பார்த்தது.

"நான் எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட வாபஸ் வாங்க மாட்டேன். தலை முதல் வால் வரைன்னா தலை முதல் வால் வரைதான்."

எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

நம்புராணி எழுந்து, அது இல்லைங்கய்யா, நான்தான் பக்கத்தில் இருந்தேன் என்று என்னமோ சொல்ல ஆரம்பித்தது. உட்காரச் சொன்னார்கள். போராட்டத்தின் தலைவரே சொல்கிறார், அவர் கையெழுத்துப் போட்டு அச்சடித்திருக்கிறார், நீ யாரம்மா என்கிற மாதிரி வக்கீல் பார்த்தான். அவன் பார்த்ததில் ஒன்று மட்டும் சரி. தலைவர் என்று சொன்னான். அவன் வாயாலேயே சொன்னான்.

நாலு மணிக்கு முடிவு சொல்லிவிட்டார்கள். வெளி எண்ணெய் கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால் கொழுப்பு ஆய்வை ஏற்க முடியாது. வேறு ஆதாரம் இல்லாததால் பூட்டைத் திறக்கலாம். நாளைக் காலையில் திறக்கிறார்கள்.

எதிர்பார்த்ததுதான். முன்னாலேயே முடிவு செய்துவிட்டு உட்கார்ந்தவர்கள் அவர்கள். நான் வாபஸ் வாங்கியிருந்தால் மட்டும் வேறு காரணம் கண்டுபிடித்திருக்க மாட்டார்களா? கண்டுபிடித்திருப்பார்கள். எனக்குத் தெரியும். அப்போது கேஸும் போயிருக்கும், மானமும் போயிருக்கும். இப்போது ஒன்றுதான் போயிருக்கிறது. ரிஸ்வானாவுக்கு அது புரியவில்லை. என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே ஆட்டோ ஏறிவிட்டது. சின்னப் பெண், முதல் தோல்வி. எனக்கு இது எத்தனையாவது என்று எண்ணியதே இல்லை.

பஸ் மெதுவாகிறது, எங்கள் ஊர் விலக்கு. பெண்கள் எழுந்துவிட்டார்கள். அதோ நம்புராணி இந்தப் பக்கம் வருகிறது, பாருங்கள், நான் சொல்லவில்லை? இறங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்காமல் போகமாட்டார்கள். வாம்மா. என்ன? துண்டா? ஹாலில் விட்டுவிட்டேனா? சரி, கொடு. நான் இங்கே இறங்கவில்லை, நாளைக்குப் பார்ப்போம்.

"நாளைக்கு நாங்க கடல்ல எறங்கணும்ணே. தண்ணி தெறந்துவிடறதுக்குள்ள இருக்கற பாசியை எடுக்கணும். நீங்க வர வேண்டாம்."

கேட்டீர்களா? வர வேண்டாமாம். இந்த வயதில் நான் தண்ணீரில் நிற்கக்கூடாது என்று அக்கறை. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பாருங்கள், வரிசையாக நடக்கிறார்கள், ஒருத்திகூடப் பேசவில்லை. அதுதான் துக்கம் தம்பி. அந்த மாதிரி துக்கத்தை வீணாக விடக்கூடாது, எழுதிவிட வேண்டும்.

நான் அடுத்த ஊரில் இறங்குகிறேன், அங்கே அச்சகம் இருக்கிறது. என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த அச்சுக்காரர் அங்கே ஒருத்தர்தான். சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிட வேண்டும். தலைப்பு யோசித்துவிட்டேன், 'வாங்க முடியாத வரி'. உங்கள் சட்டைப் பையில் இருக்கிற பேனாவைக் கொடுங்கள், இந்த நோட்டீஸின் பின்பக்கம் போதும். முதல் பத்தி மட்டும் சொல்கிறேன், எப்படி இருக்கிறது பாருங்கள்.

'அநீதித் தீர்ப்பைக் கேட்டுக் கொதித்தெழுந்த பல்லாயிரம் தாய்மார்கள், தங்கள் தலைவர் பணியவில்லை என்ற பெருமிதத்தில் விண்ணதிர முழக்கமிட்டபடி, ஊர் எல்லைவரை அவருக்கு முன்னே அணிவகுத்துச் சென்றார்கள்.'

நன்றாக இருக்கிறது அல்லவா? சிரிக்கிறீர்களா, இருமினீர்களா? எதுவானாலும் சரி. உங்கள் பெயர் என்ன சொன்னீர்கள்? நாளைக்கு எவனாவது இதையும் கூட்டி எழுதினேன் என்று கிளம்புவான். அப்போது நீங்கள்தான் சாட்சி தம்பி. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தீர்கள்.